நோக்டன் 75 மி.மீ. எஃப்/1.5: எம்3, எம்6, பெஸ்ஸா ஆர்2 மூன்றிலும் மாட்டிப் பார்த்த அனுபவம்

வெள்ளியுப்பு (புதுச்சேரி)

கோசினா நிறுவனம் ஃபோக்ட்லேண்டர் பெயரில் 2019-இல் வெளியிட்ட நோக்டன் 75 மி.மீ. எஃப்/1.5 லென்ஸ் இப்போதுதான் என் கைக்கு வந்திருக்கிறது. டிஜிட்டல் கேமராவில் இதைச் சோதித்தவர்கள் எழுதிய குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. லென்ஸ் வழியாகப் பாராமல், தனிச் சாளரத்தில் இரண்டு பிம்பங்களைச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் வகை ஃபிலிம் கேமரா வைத்திருப்பவருக்கு வேண்டிய செய்திதான் அவற்றில் அநேகமாக இல்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்பவருக்கு லென்ஸ் எவ்வளவு கூர்மையானது என்பது மட்டுமே கேள்வி. நமக்கோ, அந்தக் கூர்மையைக் கொண்டுபோய்ச் சரியான இடத்தில் வைக்கும் திராணி நம் கேமராவுக்கு உண்டா என்பதுதான் முதல் கேள்வி. அதனால் என்னிடமுள்ள லைக்கா எம்6, பெஸ்ஸா ஆர்2 ஆகிய இரண்டிலும், இரவல் வாங்கிய எம்3 ஒன்றிலும் இதை மாட்டி, எச்.பி.5 கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

எடை 350 கிராம். 58 மி.மீ. ஃபில்டர் திருகும் அளவுக்கு முன்கண்ணாடி அகலமானது. எம்6-இல் மாட்டினால் கழுத்துப்பட்டையில் கேமரா முன்பக்கமாகச் சாய்கிறது. ஹூட் போட்டுவிட்டால் வியூஃபைண்டரின் வலது கீழ்மூலையை லென்ஸ் கொஞ்சம் மறைக்கிறது. 50 மி.மீ. லென்ஸோடு பழகிய கைக்கு இது முதலில் பாரமாகத் தெரியும். ஃபோகஸ் வளையம் சீராகவும் சற்று இறுக்கமாகவும் சுழல்கிறது. இவ்வளவு குறைந்த ஆழத்தில் (தெளிவாக விழும் தூர இடைவெளியில்) வேலை செய்யும் லென்ஸுக்கு அந்த இறுக்கம் வேண்டியதுதான்.

இனி, படத்தில் எவ்வளவு விழும் என்று வியூஃபைண்டரில் காட்டும் ஃப்ரேம் கோடுகள். எம்6-இல் 75-க்கான கோடு 50-க்கான கோட்டோடு சேர்ந்துதான் தெரியும். அதுவும் முழுக்கோடு இல்லை, நான்கு மூலைகளிலும் சிறு துண்டுகள் மட்டுமே. வெளிச்சம் மங்கிய நேரத்தில் எது 50, எது 75 என்று கண் ஒரு கணம் தடுமாறும். பெஸ்ஸா ஆர்2-வில் மேலே உள்ள நெம்பைத் தள்ளினால் 75 தனியாக வருகிறது, பார்க்கவும் தெளிவாக இருக்கிறது. 1954-இல் வந்த எம்3-இல் 50, 90, 135 ஆகிய மூன்றுக்கு மட்டுமே கோடுகள் உண்டு. இந்த லென்ஸை மாட்டினால் 50-இன் கோடு மட்டும் தெரியும். அதற்குள் நீள அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை மனத்தால் வரைந்துகொள்ள வேண்டும். சொல்லும்போது கடினமாகத் தோன்றினாலும், பழகிவிட்டால் எம்6-இன் மூலைத்துண்டுகளைத் தேடுவதைவிட இது தொல்லை குறைவு.

ஃபோகஸ் விஷயத்தில்தான் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்தது. கூபேர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று, எஃப்/1.5 என்ற முழுத் திறப்பில் மூன்று பாடிகளிலும் அவருடைய முகத்தை எடுத்தேன். கூடையின் மேல் விழுந்திருந்த கூரை வெளிச்சம் அவர் முகத்துக்கும் எட்டியிருந்தது. எம்3-இல் எடுத்த நெகட்டிவ்களில் இடது கண்ணின் இமைமுடிகளை லூப் (பெரிதாக்கும் கண்ணாடி) வழியே ஒவ்வொன்றாக எண்ணலாம். எம்6-இல் எடுத்தவற்றில் பெரும்பாலானவை சரி. சிலவற்றில் மட்டும் புருவம் கண்ணைவிடத் தெளிவாக நின்றது. பெஸ்ஸாவில் மூக்குத்தியின் கல் பளிச்சென்று இருக்க, கண் மங்கிக் கிடக்கும் படங்களும் வந்தன. காதோரத்து நரைமுடி தெளிவாக, மூக்கு கரைந்துபோன படங்களும் வந்தன. ஒரே பக்கமாகப் பிழை விழுந்திருந்தால் கேமராவின் அமைப்பு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் சிதறியதால், அந்த ரேஞ்ச்ஃபைண்டருக்கு இந்த வேலை அதன் சக்திக்கு மீறியது என்றுதான் எனக்குப் படுகிறது.

லென்ஸின் குணத்தைப் பற்றி ஒரு வரி. முழுத் திறப்பில் கூர்மையும் இருக்கிறது, பின்புலம் குழைவதும் அழகாக இருக்கிறது. எதிர்வெளிச்சத்தில் ஒளி-நிழல் மாறுபாடு கொஞ்சம் குறைகிறது, ஆனால் படம் வெளுத்துப்போவதில்லை.

கெடிலக்கரை (கடலூர்)

அருமையான பதிவு, அண்ணா. என்னிடம் இருப்பது, லென்ஸைத் திருகி மாட்டும் கேனான் 7 ரேஞ்ச்ஃபைண்டர். இந்த நோக்டனை ஏதாவது ஒரு அடாப்டர் வைத்து அதில் மாட்ட முடியுமா? முடியாது என்றால், என்னிடம் திருகு மவுண்ட்டில் ஜூப்பிட்டர்-9, 85 மி.மீ. எஃப்/2 ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் கொண்டு இதே வேலையைச் செய்ய முடியுமா என்றும் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும், முதுநகர் துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்களையும் எடுக்க 50 எட்டவில்லை என்பது என் நெடுநாள் குறை.

வெள்ளியுப்பு (புதுச்சேரி)

மாட்ட முடியாது. லைக்கா திருகு மவுண்ட்டில் லென்ஸின் அடிப்பாகத்திலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் 28.8 மி.மீ.; நோக்டனின் எம் மவுண்ட்டில் அது 27.8 மி.மீ. அந்த ஒரு மி.மீ. வித்தியாசத்தில் வளையம் போட்டுத் திருகு லென்ஸை எம் கேமராவில் மாட்டலாமே தவிர, எம் லென்ஸைத் திருகு கேமராவில் மாட்டினால் அது ஃபிலிமிலிருந்து கூடுதல் தூரத்தில் நின்றுவிடும்; தொலைவில் ஃபோகஸ் வராது. ஜூப்பிட்டரைப் பற்றி இருட்டறை ஐயா சொன்னால்தான் சரியாக இருக்கும்.

இருட்டறை (புதுச்சேரி)

தம்பி வெள்ளியுப்பு சொன்ன சிதறலுக்குக் கணக்கு இருக்கிறது. ஸ்டுடியோ நடத்திய காலத்தில் கேமரா வாங்க வருகிறவர்களுக்கு இதைத்தான் தாளில் போட்டுக் காட்டுவேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது இரண்டு சாளரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கொண்டு முக்கோணம் போட்டு அளக்கும் கருவி. அந்த அடித்தூரத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் அதன் உண்மையான அளக்கும் சக்தி. எம்6-இல் அடித்தூரம் சுமார் 69 மி.மீ., உருப்பெருக்கம் 0.72, ஆக ஏறத்தாழ 50 மி.மீ. எம்3-இல் உருப்பெருக்கம் சுமார் 0.91 ஆகையால் அது 62 மி.மீ. வரை போகிறது. பெஸ்ஸா ஆர்2-வில் அடித்தூரமே 37 மி.மீ.தான், 0.7-ஆல் பெருக்கினால் 26 மி.மீ. அளவில் நின்றுவிடும். அதே பெஸ்ஸா குடும்பத்து ஆர்3ஏ-வில் உருப்பெருக்கம் முழுசாக 1 என்பதால் 37-உம் அப்படியே கிடைக்கிறது. கெடிலக்கரைத் தம்பியின் கேனான் 7-இல் 59-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 47.

இனி லென்ஸ் எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க வேண்டும். குவியத் தூரத்தை அதனாலேயே பெருக்கி, எஃப் எண்ணால் வகுத்து, கிடைப்பதை நூறால் வகுத்தால் தேவையான குறைந்தபட்ச அளவு மி.மீ. கணக்கில் வந்துவிடும். கண்ணின் பிரித்தறியும் திறன் ஒரு பாகைத்துளி (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்றும், ஃபிலிமில் பொறுத்துக்கொள்ளக்கூடிய மங்கல் வட்டம் 0.03 மி.மீ. என்றும் வைத்துக்கொண்ட கணக்கு இது. நோக்டனுக்கு 75-ஐ 75-ஆல் பெருக்கினால் 5625, அதை 1.5-ஆல் வகுத்தால் 3750. ஆகத் தேவை 37.5 மி.மீ. எம்6-க்கு ஓரளவு மிச்சம் இருக்கிறது, எம்3-க்குத் தாராளமாக இருக்கிறது, ஆர்2-வுக்கோ பத்து மி.மீ.க்கு மேல் பற்றாக்குறை. ஆர்3ஏ விளிம்பில் நிற்கும். கேமராவின் அமைப்பு மயிரிழை விலகினாலும் அதற்குச் சமாளிக்க இடமில்லை.

கெடிலக்கரைத் தம்பியின் 85 எஃப்/2-வுக்கு 36 வேண்டும். கேனான் 7 அதைத் தாங்கும். அதில் 85-க்கும் 100-க்கும் சேர்த்து ஃப்ரேம் கோடும் உண்டு. ஆனால் ஜூப்பிட்டரில் வேறொரு வம்பு இருக்கிறது. சோவியத் தொழிற்சாலைகள் அந்த லென்ஸ்களைச் செய்தபோது ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்புக்கு அடிப்படையாக வைத்தது ஜெர்மனியின் காண்டாக்ஸ் வழிவந்த 52.4 மி.மீ. அளவை. லைக்காவும் அதைப் பின்பற்றிய ஜப்பானியக் கேமராக்களும் வைத்திருப்பது 51.6 மி.மீ. அளவை. 35 மி.மீ. லென்ஸில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 85-இல், அதுவும் எஃப்/2-இல் பக்கத்தில் நின்று எடுத்தால் தெரியாமல் போகாது. தொலைவில் சரியாக இருந்து அருகில் வர வர விலகும். ஆகையால் ஃபிலிம் போடுவதற்கு முன்பு சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய செய்தியும் நினைவுக்கு வருகிறது. 1950-இல் டோக்கியோவில் ஜூன் மிக்கி என்ற இளம் புகைப்படக்காரர், லைஃப் இதழின் டேவிட் டக்ளஸ் டங்கனை எடுத்துக் காட்டிய ஒரு படம்தான் ஜப்பானிய லென்ஸ்களின் மீது உலகத்தின் பார்வையைத் திருப்பியது. அதை எடுத்த லென்ஸ் நிக்கோர் 85 மி.மீ. எஃப்/2. நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே வகைக் குறுந்தொலை (ஷார்ட் டெலி) லென்ஸ்தான்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

எல்லாரும் கணக்குப் போடுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், மன்னிக்க வேண்டும். நம் ஊரில் எஃப்/1.5 எதற்கு? காலை ஒன்பது மணிக்கு மேல் ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமைப் போட்டுக்கொண்டு துமாஸ் வீதியில் நடந்தால், வெயிலில் எஃப்/16-க்கு நொடியில் 400-இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். எம்6-இன் ஷட்டர் ஆயிரத்தோடு நின்றுவிடும். அதாவது எஃப்/11-க்குக் கொஞ்சம் கீழேதான் போக முடியும். 350 கிராம் கண்ணாடியைச் சுமந்துபோய் எஃப்/11-இல் எடுப்பதற்கு எந்த லென்ஸாக இருந்தால் என்ன?

அதே ஃபோக்ட்லேண்டர் பெயரில் 2021-இல் வந்த அப்போ-ஸ்கோப்பார் 90 மி.மீ. எஃப்/2.8 என்னிடம் இருக்கிறது. எடை 250 கிராம், 39 மி.மீ. ஃபில்டர், சட்டைப்பையில் போடலாம் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனால் தோள்பையின் ஓரத்தில் போட்டால் இருக்கிற இடமே தெரியாது. ஆர்2-வில் 90-க்குக் கோடும் உண்டு. பெஸ்ஸா வைத்திருப்பவர்கள் இதை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பதே என் கருத்து. எம்3-க்கோ 90-இன் கோடு பிறவியிலேயே இருக்கிறது.

வெள்ளியுப்பு (புதுச்சேரி)

நண்பரே, வெயில் கணக்கு சரி, முடிவில்தான் எனக்கு மாறுபாடு. எஃப்/1.5 வெயிலுக்காகச் செய்ததில்லை. கூபேர் மார்க்கெட்டின் உட்பகுதி, கோயில் பிரகாரம், மாலை ஆறு மணிக்கு மேல் மிஷன் வீதியின் கடைவெளிச்சம் ஆகியவைதான் அதன் களம். எஃப்/2.8-க்கும் எஃப்/1.5-க்கும் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் வித்தியாசம் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரண்டு மடங்கு); நொடியில் முப்பதில் ஒரு பங்கில் கை நடுங்கும் இடத்தில் நூறுக்கு மேல் கிடைக்கிறது. 75 மி.மீ.க்கு அந்த வித்தியாசம்தான் படமா, கலங்கலா என்பதைத் தீர்மானிக்கிறது.

வெயிலிலும் முழுத் திறப்பு வேண்டுமென்றால் வெளிச்சத்தை ஆறு ஸ்டாப் குறைக்கும் என்.டி. ஃபில்டரைத் திருகிக்கொள்ளலாம். எஸ்.எல்.ஆர். கேமராவில் அப்படிச் செய்தால் வியூஃபைண்டர் இருண்டுபோய் ஃபோகஸ் செய்ய முடியாது. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை, நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லையே. 64 மடங்கு குறைக்கும் ஃபில்டரோடு எச்.பி.5 போட்டால், நடுப்பகலில் எஃப்/1.5-க்கு நொடியில் 700-இல் ஒரு பங்கு வருகிறது. எம்6-இன் ஆயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் இப்படி எடுத்த படங்களில் சுவரின் சுண்ணாம்புப் பொருக்குகள்கூட மெத்தென்று பின்னால் போய்விடுகின்றன. (கறுப்பு வெள்ளையில் மஞ்சள் ஃபில்டர் போட்டால் அந்தச் சுவர்கள் வெளிறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வானத்துக்கு நல்லது, சுவருக்கு ஆகாது.)

75-ஆ, 90-ஆ என்பதில் எனக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கேமராவை நெடுக்காகப் பிடித்து இரண்டு மீட்டரில் நின்றால், 75-இல் சட்டத்துக்குள் விழுவது 64 செ.மீ. அகலமும் 96 செ.மீ. உயரமும், ஒரு மனிதரின் இடுப்புவரை அடங்கும். அதே இடத்தில் 90-இல் விழுவது 53-க்கு 80. மார்க்கெட்டுச் சந்தில் பின்னால் நகர இடமில்லாதபோது, கைகளும் அரிவாள்மணையும் சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் அந்தப் பதினாறு செ.மீ. பெரிய விஷயம்.

கெடிலக்கரை (கடலூர்)

இருட்டறை ஐயா சொன்னபடி ஜூப்பிட்டரைச் சோதித்துவிட்டேன். செய்த முறையை எழுதுகிறேன், பிறருக்குப் பயன்படும்.

கேனான் 7-இன் பின்மூடி கீல் வைத்துத் திறப்பது ஆகையால் வேலை சுலபம். ஒரு சிறிய சொரசொரப்புக் கண்ணாடித் துண்டை, மங்கலான பக்கம் லென்ஸை நோக்கி இருக்கும்படி, ஃபிலிம் உட்காரும் உள்தண்டவாளத்தின் மீது வைத்து ஒட்டினேன். வெளித்தண்டவாளத்தின் மீது வைத்தால் அளவு தவறிவிடும். ஷட்டரை ‘பி’-இல் வைத்து, கேபிள் ரிலீஸால் திறந்தபடி பூட்டி, ஸ்டாண்டில் நிறுத்தினேன். எதிரே சாய்த்துவைத்த மர அளவுகோலின் நடுக்கோட்டை ரேஞ்ச்ஃபைண்டரில் சேர்த்துவிட்டு, பின்னாலிருந்து லூப்பால் கண்ணாடியைப் பார்த்தேன். தொலைவில் இருந்த தண்ணீர்த்தொட்டி கச்சிதமாக இருந்தது. மூன்று மீட்டரிலும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஒன்றரை மீட்டருக்கு வந்ததும் தெளிவு நடுக்கோட்டை விட்டு விலகிவிட்டது. எஃப்/4-க்கு மூடிய பிறகுதான் நடுக்கோடும் அந்தத் தெளிவுக்குள் வந்தது.

ஆக, துறைமுகத்தில் மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று வலைக்காரர்களை எடுக்க இதுவே போதும். முகத்துக்குப் பக்கத்தில் போவதென்றால் எஃப்/4. லென்ஸைப் பிரித்துத் தகடு வைத்துச் சரிசெய்தால் அருகில் சரியாகி, தொலைவில் கெட்டுவிடும் என்கிறார்கள். எனக்குத் தொலைவு முக்கியம், விட்டுவிட்டேன்.

தேவனாம்பட்டினம் (கடலூர்)

வணக்கம். நான் இந்தப் பக்கத்துக்குப் புதியவன். அண்மையில்தான் பழைய எம்6 ஒன்று வாங்கினேன். கெடிலக்கரை அண்ணன் சொன்ன சோதனையை எம்6-இல் செய்ய முடியுமா? இன்னொரு ஐயமும் உண்டு. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் சில படங்களில் ஒரே இடத்தில் சிறிய வட்டமாக ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கிறது. நெகட்டிவில் கருப்பு, பிரிண்ட்டில் வெள்ளை. லென்ஸில் பூஞ்சையா?

இருட்டறை (புதுச்சேரி)

பூஞ்சையாக இருந்தால் இப்படி ஓரிடத்தில் கூர்மையான புள்ளியாக விழாது, தம்பி. படம் முழுதும் மாறுபாடு குறையும். நீங்கள் சொல்வது ஷட்டர் திரையில் விழுந்த ஓட்டை. லென்ஸைக் கழற்றிவிட்டு, இருட்டான அறையில், பின்பக்கத் தகட்டைத் திறந்து உள்ளே சிறு டார்ச்சு வைத்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அதுதான். ஷட்டரை மேலேற்றியும் இறக்கியும் இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும், திரைகள் இரண்டு.

எல்லா லைக்கா எம் ஃபிலிம் கேமராக்களிலும் திரை ரப்பர் பூசிய துணி. எஸ்.எல்.ஆரில் நடுவே கண்ணாடி நிற்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. கிழக்குக் கடற்கரையில் காலையில் நடப்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஆகட்டும், உங்கள் ஊர் வெள்ளிக் கடற்கரையில் ஆகட்டும், சூரியன் முகத்துக்கு நேரே எழும்புகிறது. கேமராவோ மார்பில் லென்ஸை வெளிப்பக்கம் காட்டியபடி தொங்குகிறது. சிறுபிள்ளைகள் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்குவது போலத்தான் இதுவும். 75 மி.மீ. லென்ஸ் சூரியனை ஏறத்தாழ 0.7 மி.மீ. வட்டமாகத் திரையில் குவிக்கும். குவியத் தூரமும் திறப்பும் கூடக் கூட ஆபத்தும் கூடும், 35 மி.மீ. எஃப்/2.8 வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஒன்றும் ஆகவில்லையே என்கிற தைரியம் நோக்டனிடம் செல்லாது. அடிவானத்தில் சிவந்து நிற்கும்போது அவ்வளவாகத் தீங்கு இல்லை. எழும்பி அரைமணி கழிந்த பிறகு மூடியைப் போட்டுவிடுங்கள். மூடியைப் போட்டபடியே படம் எடுப்பது ரேஞ்ச்ஃபைண்டர்காரர்கள் எல்லாருக்கும் நேர்வதுதான் என்றாலும், திரை மாற்றும் செலவுக்கு அந்த அசடு மேல்.

கேனான் 7-க்கு உருக்குத் தகட்டுத் திரை, பெஸ்ஸாவுக்கும் உலோகத் திரை. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குக் கவலை குறைவு.

எம்6-இல் சோதனை செய்யலாம். அடித்தட்டைக் கழற்றிப் பின்பக்கத் தகட்டைத் தூக்கினால் படச்சட்டம் தெரியும். இடம் குறுகல் என்பதால் கண்ணாடித் துண்டைச் சிறிதாக வெட்ட வேண்டியிருக்கும்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்குப் போய்வந்தேன், ஆர்2-வும் 90-உம்தான். மயிலம் முருகனும் சுற்றூர்ச் சாமிகளும் வரிசையாக வந்து நிற்கும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் போவது முறையுமில்லை, முடியவும் முடியாது. நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, எஃப்/8-இல், பல்லக்குத் தூக்கிகளின் தோள்களையும் குடையின் ஜாலர்களையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க 90 மிகப் பொருத்தமாக இருந்தது. 75-ஆக இருந்தால் ஓரங்களில் கைப்பேசி பிடித்த கைகள்தான் நிறைந்திருக்கும்.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாலையில் எஃப்/2.8-க்குத் திறந்து, ஒரு மீட்டருக்கும் இரண்டு மீட்டருக்கும் நடுவே எடுத்த சில முகங்களில், வெள்ளியுப்பு சொன்ன அதே சிதறல் இருக்கிறது. 2.8 என்பது பெரிய திறப்பே இல்லையே, இது ஏன் என்று இருட்டறை ஐயாதான் சொல்ல வேண்டும்.

இருட்டறை (புதுச்சேரி)

அதே கணக்கை 90-க்குப் போட்டுப் பாருங்கள். 90-ஐ 90-ஆல் பெருக்கினால் 8100, 2.8-ஆல் வகுத்து நூறால் வகுத்தால் ஏறத்தாழ 29. உங்கள் ஆர்2-வின் 26 அதற்கும் எட்டாது. குவியத் தூரம் இரண்டு முறை பெருகுகிறது, எஃப் எண் ஒரு முறைதான் வகுக்கிறது. அதனால்தான் 90 எஃப்/2.8 கேட்பது 75 எஃப்/2.8 கேட்பதைவிட அதிகம். 75-ஐ 2.8-க்கு மூடினால் 20 போதும், ஆர்2 தாராளமாகச் செய்யும். உங்கள் 90-ஐ எஃப்/4-க்கு மூடினால் அதே 20-இல் வந்து நிற்கும்.

இதெல்லாம் கேமரா சரியாக அமைக்கப்பட்டு, பிம்பம் சேரும் கட்டம் தெளிவாக இருந்து, கண்ணும் நன்றாக இருந்தால் கிடைக்கும் கணக்கு. என் வயதில் மேற்கொண்டு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளியுப்பு (புதுச்சேரி)

அப்படியானால் பெஸ்ஸா ஆர்2-வில் நோக்டனை எஃப்/2.8-இல் வைத்துத்தான் பக்கத்து முகங்களை எடுக்க வேண்டும். எஃப்/2-க்கு 28 தேவைப்படுவதால் அதுவும் விளிம்புக்கு வெளியேதான். திறப்பை மூடி எடுப்பதற்காக 350 கிராம் சுமப்பது வீண் என்று முத்தியால்பேட்டை நண்பர் சொன்னது அந்தப் பாடிக்கு மட்டும் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் நின்று எடுப்பவற்றில் ஆர்2-வில் முழுத் திறப்பிலும் தேறிய படங்கள் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டரில் எஃப்/1.5-க்கு ஆழம் ஒன்றரை செ.மீ.; இரண்டு மீட்டரில் அது ஆறு செ.மீ. ஆகிவிடுகிறது. கணக்குப்படி ரேஞ்ச்ஃபைண்டரின் பிழையும் அதே விகிதத்தில் வளரும். ஆனால் முகம் சட்டத்தில் சிறிதாகிவிடுவதால், கண்ணுக்கும் மூக்குத்திக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

எம்6-க்கு ஒரு வழி கிடைத்தது. வியூஃபைண்டரின் கண்துளையில் திருகும் 1.25 மடங்கு உருப்பெருக்கியைப் போட்டால் 0.72 என்பது 0.9 ஆகிவிடுகிறது, அளக்கும் சக்தியும் 62-ஐத் தொட்டு எம்3-க்குச் சமமாகிறது. புருவத்தில் விழுந்த பிழைகள் அதைப் போட்ட பிறகு குறைந்துவிட்டன. 75-இன் மூலைத்துண்டுகளும் பெரிதாகத் தெரிகின்றன. 28-இன் கோடு கண்ணுக்கு எட்டாமல் போய்விடும் என்பதுதான் நட்டம். 75 மாட்டியிருக்கும்போது 28 யாருக்கு வேண்டும்?

எம்6-இல் ஃப்ரேம் கோடுகள் 0.7 மீட்டருக்கு அளவெடுத்துப் போடப்பட்டவை என்பதையும் எழுதிவிடுகிறேன். பக்கத்தில் நின்றால் கோட்டுக்குள் இருப்பதுதான் படத்தில் விழும். பழைய கலங்கரை விளக்கம் போலத் தொலைவில் இருப்பதை எடுத்தால் கோட்டுக்கு வெளியே நாலாபக்கமும் கணிசமாகக் கூடுதலாக விழும். அப்போது கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே நிறுத்திக்கூட எடுக்கலாம். நெருங்கிப் போகும்போது எம்3-ஐ நம்பாதீர்கள், லென்ஸ் 0.7 மீட்டர் வரை போனாலும் அதன் ரேஞ்ச்ஃபைண்டர் ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுவிடும்.

தேவனாம்பட்டினம் (கடலூர்)

இருட்டறை ஐயா, டார்ச்சு வைத்துப் பார்த்தேன். முதல் திரையில் வலப்பக்கமாக ஓர் ஓட்டை இருக்கிறது. எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்தது போலும். நெயில் பாலிஷ் தடவி அடைக்கலாம் என்கிறார்கள், செய்யலாமா? இன்னொன்று, இந்த மே மாதத்தில் ஃபிலிமை எப்படிக் கழுவுகிறீர்கள்? எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

இருட்டறை (புதுச்சேரி)

நெயில் பாலிஷ் காய்ந்து விறைத்துவிடும். திரை உருளையில் சுற்றும்போது அந்த இடத்தில் மடிந்து வெடிக்கும். துணிக்குத் தடவுகிற கறுப்பு ரப்பர்ப் பெயின்ட்டை மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு மட்டும் தொட்டு வைத்து, முழுக்க உலரும் வரை ஷட்டரை அசைக்காமல் வையுங்கள். அது தற்காலிகம்தான். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது திரையோடு ரேஞ்ச்ஃபைண்டரையும் ஒரு மீட்டரிலும் தொலைவிலும் சரிபார்க்கச் சொல்லிக் கொடுங்கள்; தொலைவில் மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு, 75-க்கு அது போதாது.

கழுவுவதற்கு ஒரு அகன்ற பேசினில் தண்ணீர் ஊற்றி, ஐஸ்கட்டிகளைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டிப் போட்டு, டெவலப்பர், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் மூன்று பாத்திரங்களையும் அதிலேயே நிறுத்திவிடுங்கள். எச்.பி.5-க்கு டி-76 டெவலப்பரை நீர்க்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். நம் ஊரில் 24 டிகிரியில் நிறுத்துவது எளிது. அதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். டெவலப்பரை 24-இல் வைத்துவிட்டு 32 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதைத் தவிர்த்துவிடுங்கள். லென்ஸின் கூர்மையைச் சோதிக்கிறேன் என்று கிளம்பிவிட்டு, வெந்து புடைத்த எமல்ஷனின் மணிகளைப் பார்த்து லென்ஸைக் குறை சொல்லக் கூடாது அல்லவா?

கெடிலக்கரை (கடலூர்)

வெள்ளியுப்பு அண்ணா, அந்த எம்3-ஐத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுநகர்ப் பக்கம் கொண்டுவாருங்கள். அடாப்டர் வளையம் என்னிடம் இருக்கிறது; ஜூப்பிட்டரை அதில் மாட்டி, அதே மர அளவுகோலை ஒன்றரை மீட்டரில் வைத்துப் பார்த்துவிடலாம். கேனானில் விழுந்த விலகல் எம்3-இலும் அதே அளவில் விழுந்தால் குற்றம் லென்ஸின் அளவில்தான் என்பது உறுதியாகிவிடும். மாறினால் என் கேனானைத்தான் பழுதுக்குக் கொடுக்க வேண்டும்.

வெள்ளியுப்பு (புதுச்சேரி)

வருகிற ஞாயிறே வருகிறேன். எம்6-உம் உருப்பெருக்கியும் கூட வரும். தேவனாம்பட்டினம் தம்பியும் தன் கேமராவை எடுத்துக்கொண்டு வரட்டும், திரையை நேரில் பார்த்துவிடலாம்.